உழுவை என்றால் புலி

உங்கள் அம்மாவும் மூத்தவளும் ஜேர்மனிக்கு எப்படி வந்தார்கள் என்று யாராவது கேட்டால், "பேராசிரியர் கையெழுத்துப் போட்டார், வந்தோம்" என்று அம்மா சொல்லுவாள். அது பொய் இல்லை. அந்தக் கையெழுத்து எப்படிக் கிடைத்தது என்பதை நான் அவளுக்கும் சொன்னதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் எழுதுகிறேன், பிள்ளைகளே. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நான் மன்னார்க் கடலில் சங்கு குளித்தவன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வருவதுதான் தொழில். அறுபதுகளின் கடைசியில் கொழும்பில் ஒரு ஜேர்மன் சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறினேன். ஹம்பேர்க் துறைமுகத்தில் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எழும்பி நடக்கும்போது கப்பல் போய்விட்டது. துறைமுகத்துப் பாதிரியார் ஒருவர் இரங்கி, கீல் நகருக்கு வடக்கே பால்டிக் கரையில் ஒரு சின்னப் பட்டினத்தில் மீனுக்குப் புகை போடும் கொட்டகையில் சேர்த்துவிட்டார். அங்கே இரண்டு வருடம். வதிவிட அனுமதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தருவார்கள்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்தவர் ஒருநாள் தெளிவாகச் சொன்னார்: ஒரு வருட வேலை ஒப்பந்தம் வேண்டும், சொந்தக் கதவுள்ள ஓர் அறை வேண்டும், அதற்குப் பிறகு மனைவியைக் கூப்பிடுவதைப் பற்றிப் பேசலாம். கொட்டகையில் ஒப்பந்தம் கிடையாது. அந்த மாதம் அம்மா எழுதியிருந்தாள், மூத்தவள் தபால்காரரை அப்பா என்று கூப்பிடுகிறாளாம், அவரும் ஓம் என்று பதில் சொல்கிறாராம். அவள் பகிடியாகத்தான் எழுதினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபத்தோராம் ஆண்டு மாசியில், குடாவின் மறுகரையில் இருந்த ஒரு கடல் ஆய்வு நிலையத்துக்குச் சுழியோடி ஒருவர் தேவை என்று கேள்விப்பட்டேன். சித்திரை மாதத்தில் ஹேரிங் மீன் அந்தக் குடாவுக்குள் கூட்டங்கூட்டமாக வந்து சினை விடும். ஆண் மீன் விடும் பாலில் தண்ணீர் வெளுத்துவிடும். முட்டைகள் கடற்புல்லில் ஒட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் எத்தனை அடுக்கு முட்டை, எத்தனை செத்தது என்று இறங்கிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பேராசிரியருக்கு வயதாகிவிட்டது, அவர் இறங்குவதில்லை.

எனக்கு அப்போது கப்பலில் கற்ற ஜேர்மன்தான், கயிறு, வாளி, கெதியாய் என்ற அளவில். நிலையத்தில் தமிழர் ஒருவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். என் வயதுதான், முப்பது இருக்கும். கண்ணாடி, கழுத்துப்பட்டி, எந்நேரமும் துடைத்த சப்பாத்து. நேர்காணலுக்கு அவரே மொழிபெயர்க்க வந்தார். தமிழ்க் குரலைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் நம்புங்கள்.

"மீன் முட்டை போடற இடத்துல டைவ் பண்ணி அனுபவம் இருக்கான்னு கேக்கறார்," என்றார்.

"ஓம் சேர், இருக்கு. பாரை சினை விடேக்க கடல் அரிசி கழுவின தண்ணி மாதிரி வெளிறும். அந்தச் சினையைக் குடிக்க அம்மணி உழுவை வரும். எங்கட வள்ளத்தை விடப் பெரிசு. வாயை ஆவெண்டு திறந்தபடி வரும். நாங்கள் பக்கத்தில குதிச்சு, செட்டையில கையை வைச்சுக்கொண்டு கொஞ்சத் தூரம் கூடப் போவம். ஒண்டும் செய்யாது. சரியான சாது."

"என்ன வரும்னீங்க?"

"உழுவை, சேர். அம்மணி உழுவை."

"உழுவையா! அடடே, செய்யுள்ல படிச்ச சொல்லுங்க அது. நீங்க இன்னும் பேச்சுல வச்சிருக்கீங்களா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. பேராசிரியர் பக்கம் திரும்பி உற்சாகமாகச் சொன்னார். அவர் சொன்னதில் டீகர் என்று ஒரு சொல் என் காதில் விழுந்தது. பேராசிரியரின் பேனா நின்றது.

இங்கே நான் ஒன்றை விளக்க வேண்டும். படித்தவர்களுக்கு உழுவை என்றால் புலி, ஜேர்மனில் டீகர். எங்கள் கரையில் உழுவை என்றால் மீன். சேற்றில் துள்ளும் விரல் நீள மீனும் உழுவைதான், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு வள்ளத்துக்கு அடியால் போகும் அந்தப் பெரிய சுறாவும் அம்மணி உழுவைதான். மனிதரைத் தொடாத பிராணி என்பதால் அம்மணி என்றோம். அவரோ என்னைப் புலிச்சுறாவோடு நீந்த வைத்துவிட்டார். புலிச்சுறா ஆளைத் தின்னும் சாதி. எங்களூரில் அதன் நிழலைக் கண்டால் வள்ளத்தில் ஏறிச் செபம் சொல்லுவோம்.

"எவ்வளவு நீளம்னு கேக்கறார்."

"முப்பதடி. நாப்பதும் இருக்கும்."

"வாய்க்குள்ள பாத்திருக்கீங்களா?"

"ஓம், எத்தினை தரம். பல்லே இல்லாத மாதிரித்தான் கிடக்கும்."

மாணவர் அதையும் சொன்னார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவருகே நின்ற படகோட்டி, ஒரு தடித்த கிழவர், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். வெளியில் அவர் சிரிப்பது கேட்டது. எனக்கு வேலை கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நானும் சிரித்தேன்.

வேலை கிடைத்தது, ஆனால் ஒரு பருவத்துக்கு மட்டும். பேராசிரியர் சொன்னதை மாணவர் எனக்குச் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. "சுழியோடியோட கண்ணுதான் என் கண்ணு, அது பொய் சொன்னா என் வேலை பாழ்னு சொல்றார். நீங்க இறங்கலாம். ஆனா நீங்க பார்த்ததை இன்னொருத்தர் இறங்கிப் பார்த்து கன்ஃபர்ம் பண்ணணுமாம். அது... நான்தான்." அவருக்கு நீர் பயம். பட்டினத்து நீச்சல் குளத்தில் காற்றுப் புட்டியோடு எங்கள் இருவருக்கும் பயிற்சி கொடுத்தபோது அவர் ஏணியை விட்டு நகரமாட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நிலையத்தில் பெயர் இல்லை. டீகர் என்றார்கள். "டீகர், சூப் சுடுகிறது, ஊதிக் குடி." "டீகர், இந்த மீனுக்குப் பல் இருக்கிறதா, எண்ணிச் சொல்." என் நீர் உடுப்புத் தொங்கும் கொளுவியில் ஒரு பொம்மைப் புலியைக் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் அதை அவிழ்த்து மேசையில் வைத்தால் மறுநாள் திரும்பத் தொங்கும். ஒருநாள் படகுத்துறையில் நான் இறங்கியபோது, ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒருவன் எனக்குத் தெரியாமல் முன்பே தண்ணீருக்குள் நின்று, என் காலைப் பிடித்து அடிக்கு இழுத்தான். மூச்சுக் குழாய் வாயிலிருந்து நழுவி ஐஸ் தண்ணீரைக் குடித்தேன். மேலே வந்து வாந்தி எடுத்தேன். துறையில் நின்ற ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். மாணவரும் நின்றார். அவர் கைதட்டவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கணக்காக மனதில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஏன் டீகர் என்று பெயர் வந்தது என்பதே பங்குனி நடுவில்தான் விளங்கியது. நிலையத்துச் சாப்பாட்டு மேசைக்கு மாணவர் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். ஒரு பக்கத்தை விரித்து, மற்றவர்களுக்குத் தெரியாதபடி கையால் மறைத்துக் காட்டினார்.

"இதுவா நீங்க சொன்னது?"

அகன்ற வாய், முதுகெல்லாம் புள்ளி. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஊர் ஆள் ஒருவரைக் கண்டது போல இருந்தது. "ஓம் சேர்! இதுதான். இதுதான் அம்மணி உழுவை."

அவர் புத்தகத்தை மூடினார். "இது வால்ஹாய்ங்க. திமிங்கலச் சுறா. நான் டீகர்ஹாய்னு, புலிச்சுறான்னு சொல்லிட்டேன்."

அவர் விளக்கியதும் எனக்கு உடம்பு சூடேறியது. "அப்ப ஏன் சேர் இருக்கிறியள்? போய்ச் சொல்லுங்கோ. இப்பவே சொல்லுங்கோ. எனக்கு மனுசி பிள்ளையைக் கூப்பிட வேணும். ஒப்பந்தம் இல்லாமல் ஏலாது."

"கொஞ்சம் பொறுங்க. என் ஜெர்மன் மேலயே அவருக்கு டவுட். இப்ப போய் ஒரு சுறாவையே தப்பா சொன்னேன்னா, என் தீசிஸ்ல இருக்கற ஒவ்வொரு வார்த்தையையும் தோண்டுவார். சீசன் முடியட்டும், நானே சொல்றேன். ப்ராமிஸ்."

"சீசன் முடிஞ்சால் என்ர வேலையும் முடியும்."

"நீங்க வேற வேலை பாத்துக்கலாம். நான் டாக்டரேட் இல்லாம ஊருக்கே போக முடியாதுங்க."

அவர் எழுந்து போய்விட்டார். நான் இரண்டு நாள் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பழகினேன். மூன்றாம் நாள் பேராசிரியரின் கதவைத் தட்டினேன். "டீகர் இல்லை. வால்ஹாய்," என்றேன். கையை விரித்து வாயைக் காட்டினேன்.

பேராசிரியர் கெட்டவர் அல்ல. என்னை உட்காரச் சொன்னார். பிறகு மிக மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார்: "போன மாதம் புலி. இந்த மாதம் திமிங்கிலம். கோடைக்கு என்ன வரும்?" என் தோளில் தட்டி வெளியே அனுப்பினார். சாயங்காலத்துக்குள் அது நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நாள் கொளுவியில் புலியோடு ஒரு ரப்பர் திமிங்கிலமும் தொங்கியது.

சித்திரையில் ஹேரிங் வந்தது. ஒரு காலையில் குடா முழுக்கப் பால் கரைத்த மாதிரி. நான் இறங்கிய இடங்களை மாணவரும் இறங்கிப் பார்க்க வேண்டும். முதல் நாலு நாள் காது வலி, தடிமன் என்று தள்ளிப்போட்டார். ஐந்தாம் நாள் பேராசிரியரே துறைக்கு வந்து நின்றதால் தப்ப முடியவில்லை.

படகில் மூன்று பேர். படகோட்டிக் கிழவர் பின்னால் இயந்திரத்தோடு. மாணவர் இடுப்பில் கயிறு. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நீர் உடுப்போடு தயாராக நான். ஒரு இழுப்பு என்றால் எல்லாம் சுகம். மூன்று இழுப்பு என்றால் ஆபத்து, கயிற்றைக் கிழவரிடம் கொடுத்துவிட்டு நான் குதிக்க வேண்டும். ஆழம் இருபதடி. எங்கள் ஊரில் பிள்ளைகள் விளையாடுகிற ஆழம்.

"பயமா இருக்குங்க," என்றார், இறங்குமுன் தமிழில். கிழவருக்கு விளங்காது என்பதால் சொன்னார்.

"ஒண்டும் செய்யாது, சேர்," என்றேன்.

கொஞ்ச நேரம் கயிறு மெல்ல நகர்ந்தது. ஒரு இழுப்பு வந்தது. பிறகு நின்றது. பிறகு வந்தது: மூன்று. எண்ணத் தவறுவதற்கு இடமே இல்லை. கைக்குள் யாரோ கதவைத் தட்டினது போல, ஒன்று, இரண்டு, மூன்று.

கிழவர் எனக்கு முதுகு காட்டிக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் குதிக்கவில்லை. சங்கு குளிக்கிறவர்களிடம் மணிக்கூடு கிடையாது, மந்திரம் சொல்லித்தான் நேரம் பார்ப்போம். மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரத்தை ஒரு தரம் சொன்னேன். கயிறு திரும்ப மூன்று தரம் இழுத்தது. நீங்கள் சொல்லுவதை நான் எப்படி விளங்கிக்கொள்ள வேண்டும், சேர்? அப்படித்தான் மனதுக்குள் கேட்டேன். இரண்டாவது மந்திரம். மூன்றாவது. இழுப்பு எண்ணிக்கை கெட்டு வெறும் உதறலாகிவிட்டது. மாதாவின் பெயரை வாயில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மூச்சுத் திணறுவதைக் கையால் உணர்ந்துகொண்டு இருந்தேன். எனக்கு அப்போது வெறி இல்லை, பிள்ளைகளே. கை நடுங்கவும் இல்லை. அதுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. ஐந்தாவது மந்திரத்தில் கயிறு அமைதியாகியது.

அப்போதுதான் கிழவரைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்துக் குதித்தேன்.

உள்ளே கை நீட்டினால் கை தெரியவில்லை. மீன்கள் முகத்தில் மோதி மோதிப் போயின. கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனேன். யாரோ கைவிட்ட பழைய வலையில் அவருடைய புட்டியின் கழுத்து மாட்டியிருந்தது. முகக் கண்ணாடி கழன்றிருந்தது. மூச்சுக் குழாய் வாயில் இல்லை. கண் திறந்திருந்தது. இமையிலும் மீசையிலும் மீன் முட்டை ஒட்டியிருந்தது. வலையை அறுத்து மேலே கொண்டுவந்தேன். கிழவர் அவர் வயிற்றைப் படகு விளிம்பில் வைத்து அமுக்க, தண்ணீரும் இரத்தமும் வந்தன. இருமினார். உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் காதுச் சவ்வு இரண்டும் கிழிந்தது என்றார்கள். நெஞ்சில் சளி கட்டியது. ஒரு காது திரும்பக் கேட்கவே இல்லை.

இரண்டாம் நாள் பேராசிரியர் தன் அறையில் என்னையும் கிழவரையும் விசாரித்தார்.

"எத்தனை இழுப்பு வந்தது?"

"ஒன்று," என்றேன். "பிறகு கயிறு அசையவில்லை. உடனே குதித்தேன்."

"அவர் மூன்று என்கிறார். பல தடவை மூன்று என்கிறார்."

கிழவர் எனக்காகப் பேசினார். தான் கோப்பி ஊற்றினதைச் சொல்ல அவருக்கும் விருப்பமில்லை என்று நினைக்கிறேன். "டீகர் பொய்க் கதை சொல்லுவான்தான், ஹெர் ப்ரொபெஸர். ஆனால் கயிற்றில் பொய் சொல்ல மாட்டான். கயிற்றோடு பிறந்தவன். அந்தப் படித்தவர் ஏணியிலேயே நடுங்குகிறவர். பயத்தில் என்னத்தை எண்ணியிருப்பார்?"

பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். குடா இன்னும் வெள்ளையாக இருந்தது. முட்டை பொரிக்க இன்னும் இரண்டு கிழமை. இறங்க வேறு ஆள் இல்லை. "இனி உன் கண்ணை மட்டும்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது," என்றார். நான் அந்த நேரம் பார்த்துக் கேட்டேன்: ஒரு வருட ஒப்பந்தம். அவர் கையெழுத்துப் போட்டார்.

வெளிநாட்டவர் அலுவலகம் இன்னும் ஒன்று கேட்டது. எங்கள் கலியாணப் பதிவு தமிழில் இருந்தது. அதை ஜேர்மனில் எழுதி, தகுதியான ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கரையில் தமிழும் ஜேர்மனும் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

தோடம்பழம் நாலும் பதிவுத் தாளும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெலிந்து, தலையில் கட்டோடு சாய்ந்திருந்தார். நல்ல காது என் பக்கம் இருக்கும்படி திரும்பினார்.

"வேணும்னே பண்ணீங்க. இல்லையா?"

"எனக்கு ஒருக்கா எண்டுதான் விளங்கினது, சேர்."

"மூணு தடவை இழுத்தேன். திரும்பத் திரும்ப மூணு. அம்மான்னு கத்தினேன், தண்ணிக்குள்ள."

நான் தாளை அவர் போர்வை மேல் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"இதுல ஒரு வார்த்தையை மாத்தி எழுதினா உங்க சம்சாரம் வர முடியாது. உங்களுக்குப் படிச்சுப் பாக்கவும் தெரியாது."

"ஓம். தெரியாது."

"பேனா குடுங்க."

ஒரு மணித்தியாலம் எழுதினார். சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்திக் கேட்டார்: இந்தக் குருமனை என்றால் பாதிரியார் வீடுதானா, இந்த ஊர்ப் பெயரை எப்படி உச்சரிப்பீர்கள், மாப்பிள்ளைத் தோழன் என்பதைச் சாட்சி என்று எழுதலாமா. எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டார். நேர்காணல் அன்று உழுவை என்றால் என்ன என்று ஒரு தரம்கூடக் கேட்காத மனிதர். எழுதி முடித்துக் கையெழுத்து வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் மூன்று என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஒப்பந்தம் போய்விடும்.

அலுவலகத்தில் அந்தத் தாளை அந்த மனிதர் வரி வரியாக விரல் வைத்து வாசித்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னைக் கொலைகாரன் என்றும் எழுதியிருக்கலாம், எழுதியிருந்தால் பிழையும் இல்லை.

"மொழிபெயர்த்தது யார்?"

"ஒரு நண்பர்."

அவர் முத்திரை குத்தினார். அம்மாவும் மூத்தவளும் ஆவணியில் பிராங்பேர்ட்டில் வந்து இறங்கினார்கள். மூத்தவளே, நீ வளர்ந்து ஜேர்மன் வாசிக்கக் கற்றபின், ஒருநாள் அந்தத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ஏன் என்று கேட்டாய், சும்மா என்றேன். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை என்றாய்.

மாணவர் ஆனியிலேயே படிப்பை முடிக்காமல் ஊருக்குப் போய்விட்டார். ஆய்வு நிலையத்தில் வேலை செய்த எல்லோரும் அவரை வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனார்கள், கிழவர்கூடப் போனார். அன்று எனக்கும் விடுமுறைதான். நான் அம்மாவுக்காக எடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, சுவருக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தேன்.